வாக்கு சமம், நாற்காலி சமமா?



சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் நம்மைப் பற்றிய ஓர் உண்மை அதிகம் பேசப்படுவதில்லை. ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மக்களவைத் தொகுதி, பட்டியல் இனத்தவருக்கென ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதியே. 2019இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட ஆவடிக்கு 2022இல் முதல் தேர்தல் நடந்தபோது, அதன் மேயர் பதவியும் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது, ஜி. உதயகுமார் முதல் மேயரானார். அதே ஆண்டு மார்ச் 4ஆம் நாள், அம்பத்தூரையும் தன்னுள் கொண்டுள்ள சென்னை மாநகராட்சியின் மேயராக ஆர். பிரியா பொறுப்பேற்றார். 1688இல் தொடங்கிய அந்த மாநகராட்சியில், தலித் பெண் ஒருவர் மேயர் இருக்கையில் அமர்ந்தது அதுவே முதன்முறை.

ஆக, சட்டத்தின் பார்வையில் சமத்துவம் வெகு தூரம் வந்து சேர்ந்துள்ள பகுதிகளுள் நமது பகுதியும் ஒன்று எனலாம். ஆலை முதலாளிக்கும் ஒரே வாக்கு, அந்த ஆலையின் கழிவறையைச் சுத்தம் செய்பவருக்கும் ஒரே வாக்கு. வாக்குச்சாவடி வரிசையில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகவே நிற்கின்றனர். இருவர் விரலிலும் ஒரே மை.

ஆனால் வாக்குச்சாவடியை விட்டு வெளியே வந்த பிறகு என்ன நடக்கிறது? யாருக்கு நாற்காலி போடுகிறோம்? யாரை நிற்க வைத்தே பேசி அனுப்புகிறோம்? யாரை 'நீங்கள்' என்கிறோம்? தம் தந்தை வயதில் இருப்பவரை 'நீ' என்று அழைக்கச் சிலருக்கு எப்படி மனம் வருகிறது? வாக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நம்மைச் சமமாக்குகிறது. இடைப்பட்ட நாட்களில் மனிதருக்கு மதிப்பை வழங்குவதும் மறுப்பதும் நாமே. மக்களாட்சியின் உண்மையான சோதனை இந்த இடைப்பட்ட நாட்களில்தான் நடக்கிறது. இதைப் பற்றியே இச்சிந்தனை.

ஆவடியில் எழுந்த கனவு

சமத்துவம் என்ற சொல்லுக்கும் ஆவடிக்கும் பழைய உறவு உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் அகில இந்திய மாநாடு ஆவடியில் நடைபெற்றது. யு.என். தேபர் தலைமை தாங்கினார். பிரதமர் நேரு வந்திருந்தார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக அப்போது இருந்தவர் காமராசர். சோசலிச பாணி சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் அங்கு நிறைவேறியது. வரலாற்று நூல்களில் அது இன்றும் 'ஆவடி தீர்மானம்' என்றே குறிப்பிடப்படுகிறது. அதன் பின் வந்த ஆண்டுகளில் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்து பல சாதியினர் ஒரே ஷிப்டில் வேலை செய்யவும், ஒரே குடியிருப்பில் வாழவும் வந்தனர். நமது பங்குகள் பலவும் இவ்வாறு வேலை தேடி வந்த குடும்பங்களால் வளர்ந்தவையே.

ஆவடி தீர்மானம் நிறைவேறிய அதே 1955ஆம் ஆண்டின் இறுதியில், உலகின் மறுபக்கத்தில் வேறொரு நிகழ்வு நடந்தது. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், தையல் தொழில் செய்துவந்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வேலை முடிந்து பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளையர் ஒருவருக்காக எழுந்து இடம் விடும்படி ஓட்டுநர் கூறியபோது, அவர் மறுத்துவிட்டார். கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் அந்நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அமெரிக்க அரசியலமைப்பில் சமப் பாதுகாப்பு என்ற உறுதிமொழி 1868லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆயினும் ஒரு பேருந்து இருக்கை அளவுக்கு அது இறங்கி வர 87 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட சமத்துவம் இருக்கை வரை வந்து சேர்வதற்குள் எத்தனை தலைமுறைகள் கடந்துபோகின்றன என்பதற்கு இது ஒரு சான்று.

இந்த இடைவெளியை நமது நாட்டில் முன்கூட்டியே கண்டவர் டாக்டர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், குடியரசு பிறக்கும் நாளில் நாம் ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று அவர் எச்சரித்தார். அரசியலில் ஒவ்வொருவருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு இருக்கும், ஆனால் சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வு தொடரும் என்றார். இந்த முரண்பாட்டை விரைவில் போக்காவிட்டால் மக்களாட்சியே ஆபத்துக்குள்ளாகும் என்பதும், உடன்பிறப்பு உணர்வு இல்லாத சமத்துவம் வெறும் மேற்பூச்சாகவே இருக்கும் என்பதும் அவரது உறுதியான கருத்து.

பதவி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை

அவர் அஞ்சியது எவ்வளவு உண்மை என்பதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ஆத்துப்பாக்கம் என்றோர் ஊராட்சி உள்ளது. அதன் தலைவராக முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமிர்தம் என்ற தலித் பெண்மணி. 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடி ஏற்றவிடாமல் அவர் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஐந்து நாட்கள் கழித்து, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடனிருக்க, அவர் கொடி ஏற்றினார். விடுதலை நாளன்று ஒரு கொடிக்கயிற்றை இழுக்க, மக்கள் தந்த பதவி போதவில்லை. மாவட்ட நிர்வாகமே வந்து நிற்க வேண்டியிருந்தது!

அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரான தலித் பெண்மணி தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த ஊராட்சிக் கூட்டப் படம் ஒன்று நாடு முழுவதும் பரவியது. கூட்டத்தின் தலைவர் தரையில், உறுப்பினர்கள் நாற்காலியில்! 2022 ஆகஸ்டில், பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் கொடி ஏற்றுவதற்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

இவையெல்லாம் கிராமங்களில் நடப்பவை, நகரத்தில் சாதி ஏது என்று சிலர் கேட்கலாம். நகரத்தில் நாற்காலியின் வடிவம் மாறுகிறது. 'காலனி' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமது பகுதியில் ஐ.சி.எஃப். காலனி என்றால், நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் உள்ளவர்களின் இருப்பிடம் என்ற மதிப்பு அந்தப் பெயரோடு சேர்ந்தே வருகிறது. அதே பேருந்துத் தடத்தில் இன்னும் சில நிறுத்தங்கள் தள்ளிப் போய், பழைய கிராமப் பகுதியில் இறங்கி, "காலனி எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், பதில் சொல்பவரின் முகமே மாறுகிறது. அங்கே அச்சொல்லின் பொருள் சேரி. ஒரே சொல் ஓரிடத்தில் பெருமை, மற்றோரிடத்தில் இழிவு. இதனால்தான் 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆவணத்திலிருந்து ஒரு சொல்லை அரசு நீக்கலாம். கேட்பவர் முகத்தில் தோன்றும் மாற்றத்தை நீக்குவது யார்?

ஒரே எந்திரம், இரண்டு மனிதர்கள்

நமது புறநகரில் புதிய தரவரிசை ஒன்றும் உருவாகியிருக்கிறது. அது நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பிரிவினை. ஒரே கூரையின்கீழ், ஒரே எந்திரத்தில், அடுத்தடுத்த ஷிப்டுகளில் இருவர் வேலை செய்கின்றனர். ஒருவருக்கு வருங்கால வைப்பு நிதி முதல் போனஸ் வரை உண்டு. மற்றவருக்கு நாளை வேலை உண்டா என்பதே தெரியாது. அடையாள அட்டையின் நிறத்தைப் பார்த்தே ஒருவரின் தரத்தைச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. திருமணத்துக்குப் பெண் கேட்டுச் செல்லும்போது, "பெர்மனென்டா, காண்ட்ராக்டா?" என்பது முதல் கேள்வியாகிவிட்டதை நமது அன்பியங்களில் எல்லாரும் அறிவர். அரசுப் பணியில் ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதிய உரிமை உண்டு என்று பஞ்சாப் மாநிலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்த வேகத்தில் நடைமுறை வரவில்லை.

அவருக்கும் கீழே இன்னொருவர் நிற்கிறார். பீகார், ஒடிசா, அசாம், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்கூடங்களுக்கும், பூந்தமல்லியைச் சுற்றி எழும் கட்டடங்களுக்கும் வந்திருக்கும் தொழிலாளர் அவர். அவருடைய வாக்கு பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கிறது. எனவே தேர்தல் நேரத்தில்கூட அவர் கையைப் பிடித்துக் கும்பிட இங்கே ஆள் இல்லை. வாக்கு ஒரு மனிதருக்குத் தரும் குறைந்தபட்ச மதிப்பும் அவருக்கு இல்லாமல் போகிறது. அவருடைய பெயரைக் கேட்காமலேயே 'வடக்கன்' என்று அழைத்துவிடுகிறார்கள். மும்பையிலும் கொழும்பிலும் மலேசியத் தோட்டங்களிலும் நம் முன்னோர் இதே நிலையில்தான் நின்றனர் என்பதை நினைவில் கொண்டால், அச்சொல் நம் நாவில் வராது.

எல்லாருக்கும் கடைசியில் வைக்கப்பட்டிருப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். மனிதரைக் கொண்டு கழிவை அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. ஆயினும் 2024 ஆகஸ்டில் ஆவடியில் கழிவுநீர்க் குழாய்ப் பணியின்போது ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தார். இத்தகைய இறப்புக்கு 10 இலட்சமாக இருந்த இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. இழப்பீடு உயர்ந்திருப்பது நல்லதே. ஆனால் சாக்கடைக்குள் இறங்கும் உயிரின் மதிப்பு நம் உள்ளத்தில் உயர்ந்திருக்கிறதா?

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களைச் சேர்ந்த தூய்மைப் பணியாளர்கள், தங்கள் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்க வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்று கோரி ரிப்பன் மாளிகையின் முன் அமர்ந்து போராடினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 13ஆம் நாள் நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். அந்த நவம்பரில் அவர்களுள் சிலர் நமது அம்பத்தூரில் உண்ணாநோன்பு இருந்தனர். அவர்களது கோரிக்கைகளைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம். மாநகராட்சிக்கும் அதன் நிதிக் கணக்குகள் இருக்கலாம். ஆனால் அந்தக் காட்சியை நாம் மறக்கலாகாது. மாளிகையின் உள்ளே வரலாற்றில் முதன்முறையாக ஒரு தலித் பெண் மேயர் நாற்காலியில் இருக்கிறார். வெளியே நடைபாதையில் துப்புரவுப் பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். உச்சியில் ஒரு நாற்காலி மாறியதால் மட்டும் தரையில் இருப்பவர்களின் நிலை மாறிவிடுவதில்லை. ஒதுக்கீடு வாசலைத் திறக்கிறது. வாசலுக்கு வெளியே இருப்பவர்களின் கூலியும் பாதுகாப்பும் மதிப்பும் தனியே கவனிக்கப்பட வேண்டியவை.

உட்காரும் உரிமைக்கும் ஒரு சட்டம்

2021இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு சிறிய திருத்தத்தை நிறைவேற்றியது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் அமர்வதற்கு இருக்கை வழங்கப்பட வேண்டும் என்பதே அது. கேரளம் இதை 2018இல் செய்திருந்தது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்யும் இளம்பெண்களின் கால் வீக்கமும் நரம்புச் சுருளும் இதற்குப் பின்னணியில் இருந்தன. மனிதர் உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே சிந்திக்கத் தக்கது.

இந்த இடத்தில் முதலாளிகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது விற்பனைப் பெண் அமர்ந்திருந்தால் அதை அவமரியாதையாகக் கருதுவோர் யார்? அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி எழுந்து நிற்கவில்லை என்று சங்கக் கூட்டத்தில் புகார் சொல்வோர் யார்? கடைக்காரர் இருக்கையை எடுத்துவிடுவது பெரும்பாலும் நுகர்வோரின் பார்வைக்கு அஞ்சியே. மனிதருக்கு மதிப்பு வழங்கும் அதிகாரம் அரசிடம் மட்டும் இல்லை. நம் ஒவ்வொருவரின் கண்ணிலும் நாவிலும் அது இருக்கிறது.

ஆவடியிலேயே நடந்த மற்றொரு நிகழ்வும் இதையே கூறுகிறது. நரிக்குறவர் சமூக மாணவியர் தங்களுக்கு நேரும் புறக்கணிப்பைப் பற்றிப் பேசிய காணொலி பரவியதைத் தொடர்ந்து, அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 ஏப்ரல் 15ஆம் நாள் ஆவடியிலுள்ள நரிக்குறவர் குடியிருப்புக்குச் சென்று, ஒரு வீட்டில் அமர்ந்து உணவு உண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அச்சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒருவர் மற்றொருவர் வீட்டில் உண்பது ஏன் நாளிதழ்களின் முதல் பக்கச் செய்தியாயிற்று? பக்கத்துத் தெருவில் வாழ்வோர் பல ஆண்டுகளாக அங்கே சென்று உண்டிருந்தால், அது செய்தியாகியிருக்காது. பேருந்தில் அவர்களுக்கு அருகே உள்ள இருக்கை காலியாகவே பயணம் செய்யும் வரை, எந்தப் பட்டியலும் முழுப் பயன் தராது.

நம் ஆலயங்களின் இருக்கைகள்

இவ்வளவும் சமூகத்தைப் பற்றிச் சொன்ன நாம், திருச்சபையின் வாசலில் நின்றுவிட முடியாது. தொடக்கத் திருச்சபையிலேயே இச்சிக்கல் எழுந்தது. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், கந்தல் உடுத்தியவருக்குக் கால்மணை அருகே தரையும் காட்டும் வழக்கத்தை யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். அவர் எடுத்துக்காட்டாகத் தேர்ந்துகொண்டது, தொழுகைக் கூடத்தில் நடக்கும் இந்த இருக்கைப் பாகுபாட்டையே. விருந்தில் முதன்மையான இடங்களைத் தேடுவோரைக் குறித்து ஆண்டவர் இயேசு கூறிய உவமையும் நாம் அறிந்ததே.

தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் வடக்கன்குளம் இரண்டு விதமாக நினைவுகூரப்படுகிறது. 1745இல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். உயர்ந்தவர் எனக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தும், தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டவர்களோடு ஒன்றாகப் பழகியதை அவர் விடவில்லை. 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் அதே வடக்கன்குளத்தின் ஆலயத்தில், சாதிகளைப் பிரித்து அமரவைக்கும் தடுப்பு பின்னாளில் எழுந்தது. அது 1910இல்தான் அகற்றப்பட்டது. சுவர் போன பிறகும் மனம் மாறவில்லை என்பதற்கு, 2008 மார்ச்சில் விழுப்புரம் பகுதியின் எறையூரில் கத்தோலிக்கரிடையே ஏற்பட்ட மோதலும், துப்பாக்கிச் சூட்டில் பறிபோன இரண்டு உயிர்களும் துயரமான சாட்சி. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்பதை வெளிப்படையாக ஏற்றது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோனி பூலா, தலித் சமூகத்திலிருந்து உயர்ந்த முதல் கர்தினாலானார். மேயர் நாற்காலியைப் போலவே இதுவும் மகிழ்ச்சிக்குரிய தொடக்கம். தொடக்கத்தோடு நின்றுவிடக் கூடாதது.

நமது பகுதித் தலித் கிறிஸ்தவர்களின் நிலையில் ஒரு தனி வேதனையும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியலினத் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. 2007இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வளவுக்குப் பின்னும் அந்த வரையறை நீங்கவில்லை. விளைவு என்ன? திருவள்ளூர் தனித்தொகுதியில் ஆவடியின் தலித் கத்தோலிக்கர் வாக்களிக்கலாம். ஆனால் வேட்பாளராக நிற்க முடியாது. தெருவில் அவர் படும் அவமானம், இந்துவாக இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் படும் அதே அவமானம். சலுகையில் மட்டும் இருவரும் வேறு. இதற்காகத் திருச்சபை குரல் கொடுப்பது நியாயமானது. அதே நேரத்தில், அரசிடம் சமத்துவம் கேட்கும் நாம் நமது கல்லறைத் தோட்டங்களிலும், தேர்ப்பவனிகளிலும், பங்குப் பேரவைகளிலும் அதை முழுமையாக வழங்கினால்தான் அந்தக் குரலுக்கு வலிமை இருக்கும்.

என்ன செய்யலாம்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2020இல் வெளியிட்ட 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்ற சுற்றுமடலில், எல்லாரும் சமம் என்று பொதுவாக அறிவித்துவிடுவதால் சமத்துவம் பிறந்துவிடுவதில்லை, உடன்பிறந்த உணர்வைத் திட்டமிட்டு வளர்க்கும்போதே அது பிறக்கிறது என்ற கருத்தை வலியுறுத்தினார். அம்பேத்கர் 1949இல் கூறியதும் இதையே. வெவ்வேறு வழிகளில் வந்த இருவர் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். இவ்வுணர்வை வளர்க்க நமது பங்குகளில் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, சொல். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை, குப்பை வண்டி கொண்டுவரும் அண்ணனை, காவலாளி ஐயாவைப் பெயரறிந்து, 'நீங்கள்' என்று அழைப்பது. பிள்ளைகள் இதைப் பார்த்தே கற்கின்றனர். மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு சொல்லிக் கொடுப்பதை, வீட்டு வாசலில் ஒரு சொல் அழித்துவிடும்.

இரண்டாவது, இருக்கையும் குவளையும். நம் வீட்டில் வேலை செய்பவர் எதில் அமர்கிறார்? எந்தக் குவளையில் காப்பி குடிக்கிறார்? தனிக் குவளை என்பது தேநீர்க் கடையில் இருந்தால் தீண்டாமை என்கிறோம். சமையலறை மூலையில் இருந்தால் அதற்கு வேறு பெயர் இல்லை.

மூன்றாவது, கூலி. மரியாதைச் சொல்லைக் கொடுத்துவிட்டு ஊதியத்தைக் குறைப்பது மரியாதையாகாது. வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தமிழக அரசு 2007இல் நலவாரியம் அமைத்துள்ளது. அதில் அவர்களைப் பதிவு செய்ய உதவுவது அன்பியங்களுக்கு ஏற்ற பணி. நம்மிடையே பட்டறை நடத்துவோரும் ஒப்பந்தக்காரர்களும் உள்ளனர். வைப்பு நிதியும் தொழிலாளர் காப்பீடும் முறையாகச் செலுத்துவது, ஆலயத் திருவிழாவுக்குத் தரும் நன்கொடையைவிட முந்திய கடமை.

நான்காவது, உயிர். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய மலிவாக ஆள் தேடி உள்ளே இறக்குவது குற்றம், அது ஓர் உயிருக்கே உலை வைக்கும். 14420 என்ற எண்ணை அழைத்தால் எந்திர வசதியுடன் கூடிய பாதுகாப்பான சேவையைப் பெறலாம். இந்த எண்ணைப் பங்கு அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

ஐந்தாவது, பங்கின் இருக்கைகள். பங்குப் பேரவையில் எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர், எத்தனை வீட்டுப் பணியாளர் இடம்பெற்றுள்ளனர்? வாசகம் வாசிக்க யார் அழைக்கப்படுகின்றனர்? திருவிழா மேடையின் நாற்காலிகள் யாருக்கு? வட மாநிலங்களிலிருந்து வந்த ஆதிவாசிக் கத்தோலிக்கர் திருப்பலிக்குப் பின் வாசலோரமாக நின்றுவிட்டுப் போகின்றனரா, அல்லது யாராவது அவர்களிடம் பெயர் கேட்கின்றனரா? ஒவ்வொரு பங்கும் இக்கேள்விகளை ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேசினால், விடைகள் தாமே வெளிவரும்.

ஆவடி தீர்மானம் நிறைவேறி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதை எழுதியவர்கள் போய்விட்டார்கள். அந்தச் சமுதாயத்தைக் கட்டும் பணியோ நம் கைகளில் விடப்பட்டுள்ளது. ஒரு நாட்டில் மக்களாட்சி எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை, மிக எளியவர் ஒருவர் நம் வீட்டுக்குள் வரும்போது நாம் செய்யும் முதல் செயலே காட்டிவிடும். அவர் கேட்காமலேயே, "வாங்க, உட்காருங்க" என்று சொல்லும் மனம் நமக்கு இருக்கட்டும். சிந்திப்போம், செயல்படுவோம்.